ஒரே மாதிரியில் இரண்டு கத்திகள், இரண்டு தரம்: வெளிநாட்டு மலிவு மடக்குக் கத்தியை எப்படி மதிப்பிடுவது?

அட்டைப்பெட்டி கேட்டது:

வணக்கம். வெளிநாட்டில் தயாரான, அதிக விலையில்லாத மடக்குக் கத்திகள் இரண்டை அண்மையில் வாங்கினேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி. ஒன்று எனக்கு, மற்றொன்று தம்பிக்கு. பெட்டியைப் பிரித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. என்னுடையதில், மடக்கிய நிலையில் அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. திறக்கும்போது வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. தம்பியுடையதில் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தகட்டை உரசுவதற்கு மயிரிழை இடைவெளிதான் இருக்கிறது. திறந்ததும் உட்புறப் பூட்டுத் தகடு அலகின் அடிப்பகுதியை முழுவதும் கடந்து எதிர்ப் பக்கத்துக்கே போய்விடுகிறது. இரண்டு அலகுகளிலும் டி2 என்று எஃகின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவும், கயிறு அறுக்கவும், எப்போதாவது ஒரு பழத்தை நறுக்கவும்தான் எங்களுக்குக் கத்தி தேவை. ஆகவே மிக உயர்ந்த பொருளை நான் தேடவில்லை. ஆனால் இத்தகைய கத்தியைக் கையில் எடுத்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பொருட்படுத்தாமல் விடலாம், பொறித்திருக்கும் எஃகின் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம், தயாரான நாட்டை வைத்து ஏதேனும் முடிவுக்கு வர முடியுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். விலைக்கு ஏற்ற தரம் என்ற ஒற்றை வரிப் பதில் மட்டும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே விலைதான் கொடுத்தேன்.

பூட்டுவாய் எழுதியது:

உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அதிக விலையில்லாத கத்திகளில் ஒரு மாதிரியை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது அரைகுறைத் தீர்ப்பாகவே முடியும். கையில் இருக்கும் அந்த ஒரு கத்தியைத்தான் மதிப்பிட முடியும். அலகையும் தகடுகளையும் இன்று கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் வெட்டித் தருகின்றன. அதில் பெரிய பிழை வருவதில்லை. ஆனால் பூட்டுத் தகடு அலகோடு சேரும் முகத்தைச் சரிபார்ப்பதும், வெட்டுவாயைத் தீட்டுவதும், கடைசியில் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்துத் தேறாததை ஒதுக்குவதும் ஆள் செய்யும் வேலைகள். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் குறைவது அந்த ஆளுக்குக் கொடுக்கப்படும் நேரம்தான். தம்பியின் கத்தி அந்த அவசரத்தில் ஆய்வுக்குத் தப்பி வந்த ஒன்று என்று நினைக்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது பூட்டை. கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம். பூட்டு நழுவினால் அலகு விரல்களின் மேல்தான் மூடும். நீங்கள் விவரிப்பது லைனர் பூட்டு: கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் தகடு ஒன்று வில்லைப்போல் உள்நோக்கி வளைந்து, திறந்த அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கிறது. இதற்கு இன்றைய வடிவத்தை 1980களில் தந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். கைப்பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கும் ஃபிரேம் பூட்டைப் பின்னர் கத்தித் தயாரிப்பாளர் கிறிஸ் ரீவ் கொண்டுவந்தார். இரண்டுக்கும் சோதனை ஒன்றே. புதிய கத்தியில் பூட்டுத் தகடு, அலகின் அடிப்பகுதித் தடிமனில் கால் பங்கிலிருந்து பாதி வரை உள்ளே வந்து நிற்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டு நின்றால் அழுத்தத்தில் நழுவக்கூடும். உங்கள் தம்பியுடையதைப்போல் முழுவதும் கடந்துவிட்டால், தேய்மானத்துக்கு இடமே மிச்சமில்லை என்று பொருள். ஏனென்றால் முகம் தேயத் தேயத் தகடு இன்னும் சற்று உள்ளே நகர்ந்துதான் தன் இறுக்கத்தைக் காத்துக்கொள்கிறது. நகர இடம் தீர்ந்த நாளில் அலகு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். முகத்தை அளவுக்கு மீறித் தேய்த்திருக்கலாம், அல்லது அலகைத் தடுத்து நிறுத்தும் முளையின் விட்டம் குறைந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் வீட்டில் திருகைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய குறை அன்று.

தகடு எவ்வளவு உள்ளே வருகிறது என்பதோடு எங்கே தொடுகிறது என்பதையும் பாருங்கள். அலகின் பூட்டு முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, பத்து முறை திறந்து மூடினால், மை அழிந்த இடமே உண்மையாகத் தொடும் இடம். அது அச்சாணியிலிருந்து தள்ளி, முகத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தால் முட்டு வலுவாக இருக்கும். அச்சாணியை ஒட்டி மட்டும் இருந்தால், சிறு இடைவெளிகூட அலகின் முனையில் பெரிய ஆட்டமாகத் தெரியும். அடுத்து, மடக்கிய கத்தியை அலகு வெளிவரும் பக்கம் கீழே வருமாறு பிடித்து, அலகு திறக்கும் வழியில் விரல் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, நன்றாக உதறுங்கள். பூட்டுத் தகட்டில் பதித்த சிறு குண்டு, அலகில் உள்ள குழியில் விழுந்துதான் கத்தியை மூடிவைத்திருக்கிறது. உதறலில் அலகு வெளியே எட்டிப்பார்த்தால் அந்தக் கத்தி பைக்குள் போகத் தகுதியற்றது.

பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் அச்சுத் திருகைச் சிறிது இறுக்கிப் பாருங்கள். ஆட்டம் போய், அலகும் தடையின்றிச் சுழன்றால் குறை ஒன்றுமில்லை. இறுக்கினால் அலகு அசைய மறுக்கிறது, தளர்த்தினால் ஆடுகிறது, நடுவே சரியான நிலையே கிடைக்கவில்லை என்றால் வாஷர்களோ அவை அமரும் முகங்களோ சமமாக இல்லை. வெண்கல வாஷரா, நைலான் வாஷரா, குண்டு பேரிங்கா என்பதைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். பேரிங் இருந்தால் சுழற்சி வழுக்கலாக இருக்கும், தூசி புகுந்தால் கரகரக்கும்; வெண்கலம் பழகப் பழக மென்மையாகும். தரத்தைத் தீர்மானிக்க இது போதாது.

அலகு நடுவில் நிற்பதற்கும் அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறார்கள். தகட்டை உரசாதவரை அது கண்ணுக்கான குறைதான். அச்சுத் திருகையும் கைப்பிடித் திருகுகளையும் தளர்த்தி, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினாலே பல கத்திகளில் அலகு நடுவுக்கு வந்துவிடும். அப்போது திருகுத் தலையையும் கவனியுங்கள். டி6 அளவுள்ள சிறிய டார்க்ஸ் திருகு, அதாவது தலையில் நட்சத்திர வடிவக் குழி உள்ள திருகு, மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டிருந்தால் ஒரே முறுக்கில் தலை வழித்துவிடும். திருகுப் பசை போட்டு இறுக்கியிருந்தால், சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் சிறிது நேரம் வைத்து எடுத்த பிறகே திருப்ப வேண்டும். கத்தியைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. திருப்பி அனுப்பும் எண்ணம் இருந்தால் திருகைத் தொடாதீர்கள்.

ஒரு பொருளின் இயல்பைக் குறையாக எண்ணிவிடவும் கூடாது. பிரான்சின் ஒப்பினெல் கத்தி மரக் கைப்பிடி கொண்டது. ஈரம் பட்டால் மரம் ஊதி, அலகைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். அதன் சுழலும் வளையப் பூட்டு 1955இல் வந்தது. இன்றும் நம்பத்தக்க எளிய பூட்டுகளில் அது ஒன்று.

பட்டறைத்தூசி எழுதியது:

பூட்டைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எஃகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அலகில் பொறித்திருப்பது எஃகின் பெயர். அதில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு கலந்துள்ளன என்பதை மட்டுமே அது சொல்கிறது; அந்த எஃகுக்கு எப்படிப் பதமேற்றினார்கள், அதாவது எப்படிச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கினார்கள் என்பதை அது சொல்வதில்லை. வெட்டும் திறனைத் தீர்மானிப்பதில் பதத்துக்குப் பெயரைவிடப் பெரிய பங்கு உண்டு. டி2 என்பது ஏறக்குறைய 1.5 விழுக்காடு கரிமமும் 12 விழுக்காடு குரோமியமும் கொண்ட கருவி எஃகு. நன்றாகப் பதமேற்றினால் ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிய கடினத்தன்மை பெற்று, அட்டை வெட்டும் வேலையில் நெடுநாள் கூர் தாங்கும். அதே டி2வை அரைகுறையாகச் சூடாக்கி, மெதுவாகக் குளிரவிட்டால், அதைவிட எளிய எஃகு ஒன்று ஒழுங்காகப் பதமேற்றப்பட்ட நிலையில் அதைத் தோற்கடித்துவிடும். சீனத்து 8சிஆர்13எம்ஓவி என்ற எஃகை மலிவு என்று பலரும் ஒதுக்குகிறார்கள். அது ஜப்பானின் ஏயூஎஸ்-8க்கு நெருங்கிய உறவு. 58 அளவில் பதமேற்றப்பட்டிருந்தால் அன்றாட வேலைக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாணைக்கல்லில் எளிதாகத் தீட்டவும் முடியும். ஸ்வீடனில் உருவான 14சி28என் என்ற எஃகும் இப்போது விலை குறைந்த கத்திகளில் நிறைய வருகிறது. கரிமத்தோடு சிறிது நைட்ரஜனும் சேர்த்திருப்பதால் துருவை நன்றாகத் தாங்கும். துகளமைப்பு நுண்மையானது என்பதால் மிக மெல்லிய கூரையும் ஏற்கும். பழம் நறுக்கவும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு டி2வைவிட இது பொருந்தும் என்பது என் கருத்து. டி2வில் 12 விழுக்காடு குரோமியம் இருந்தாலும், அதில் பெரும்பகுதி கரிமத்தோடு சேர்ந்து கடினமான கார்பைடு துகள்களாகிவிடுகிறது. துருவைத் தடுக்க எஞ்சுவது குறைவு. பழச்சாறு பட்டதும் துடைக்காமல் விட்டால் புள்ளி விழும்.

கடினத்தன்மை எண் அதிகம் என்றால் தரமும் அதிகம் என்ற எண்ணமும் வேண்டாம். ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் தன் சட்டைப்பைக் கத்திகளை 56 அளவை ஒட்டித்தான் பதமேற்றுகிறது. அது இயலாமையால் அன்று. வளைந்தாலும் சில்லுத் தெறிக்காமல், யாரும் எந்தக் கல்லிலும் தீட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

பொறித்த பெயரை எவ்வளவு நம்பலாம்? கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவி ஒன்று உண்டு. உலோகக் கலவையை நொடிகளில் காட்டும். குரோமியம், மாலிப்டினம், வனேடியம் எல்லாம் அதில் தெரியும். கரிமம் மட்டும் தெரியாது. கத்தி எஃகுக்கு உயிர் கரிமம்தான். எனவே அந்தக் கருவியால் ஒரு பொய்ப் பெயரை மறுக்க முடியும். ஒரு பெயரை முழுவதும் உறுதிப்படுத்த முடியாது. நம்மைப் போன்றவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. 40 முதல் 65 வரை ஐந்தைந்தாக ஏறும் கடினத்தன்மையுள்ள சிறு அரங்களின் தொகுப்பு கிடைக்கிறது. அலகின் முதுகில் மறைவான ஓர் இடத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். 55 அரம் வழுக்கி, 60 அரம் கீறினால் அலகின் கடினத்தன்மை அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. 55 அரமே கீறினால் அந்த டி2 தன் பெயருக்கு உரிய பதத்தைப் பெறவில்லை. முதுகில் தெரிவது அலகு முழுவதின் பதம் என்பதை மறவாதீர்கள். வெட்டுவாயின் கதை சில நேரம் வேறாக இருக்கும்.

பெயரே இல்லாமல் வெறும் துருப்பிடிக்காத எஃகு என்றோ, அறுவை மருத்துவ எஃகு என்றோ பொறித்திருந்தால் அது எதையும் குறிக்காது. 440 என்று மட்டும் இருந்தால், ஏ, பி, சி என்ற எழுத்து ஏன் விடுபட்டது என்று கேளுங்கள். மூன்றுக்கும் கரிம அளவில் பெரிய வேறுபாடு உண்டு, சியில் மட்டுமே அது ஒரு விழுக்காட்டை எட்டுகிறது. டமாஸ்கஸ் வரிகள் உள்ள மலிவுக் கத்தி என்றால் முதுகைப் பாருங்கள். அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்த எஃகில் வரிகள் முதுகின் மேலும் தொடரும். பக்கங்களில் மட்டும் இருந்து முதுகு மொட்டையாக இருந்தால் அது மேலே வரைந்த கோலம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மலிவுக் கத்தியில் அந்த வழக்கு பதத்துக்கு மட்டும் ஓரளவு பொருந்துகிறது. ஒரே உலையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அலகுகள் சேர்ந்து சூடாகிக் குளிர்வதால், ஒன்றின் பதம் நன்றாக இருந்தால் மற்றதும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். பொருத்தும் வேலைக்கு அது பொருந்தாது.

சாணைக்கல் எழுதியது:

எஃகையும் பூட்டையும் பேசிவிட்டு, உண்மையில் வெட்டுகிற இடத்தை எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஒரு கத்தி அட்டையில் இறங்குவதும் சிக்கிக்கொள்வதும் வெட்டுவாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் கத்தி நன்றாக இறங்கும். மலிவுக் கத்திகளில் 0.8 மி.மீ. வரை நான் அளந்திருக்கிறேன். அந்தக் கத்தியை எவ்வளவு கூராக்கினாலும் அது ஆப்பைப் போலப் பிளக்குமே தவிர அறுக்காது.

அளவுகோல் இல்லாவிட்டாலும் கண்ணால் அறியலாம். வெட்டுவாயில் கடைசியாகத் தீட்டிய பளபளப்பான சரிவின் அகலத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு 20 பாகைக் கோணத்தில் தீட்டிய அலகில், மேலே உள்ள தடிமன் 0.5 மி.மீ. என்றால் அந்தச் சரிவு ஏறக்குறைய 0.7 மி.மீ. அகலம் இருக்கும், 0.8 மி.மீ. தடிமன் என்றால் 1.2 மி.மீ. வரை அகன்றுவிடும். ஆக, ஒரே கோணத்தில் தீட்டியிருந்தால் அகலமான சரிவு தடித்த அலகைக் காட்டிக்கொடுக்கிறது. அடியிலிருந்து முனை வரை அகலம் சீராக இருக்கிறதா, இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். முனையில் மட்டும் சரிவு பரந்து கிடந்தால் முனை தடித்துவிட்டது என்று அறியலாம். இரு பக்கமும் சற்று வேறுபட்டிருப்பது இந்த விலையில் சாதாரணம். இரண்டு மூன்று முறை தீட்டினால் நாமே சரிசெய்துவிடலாம்.

இனி, புதுக் கத்தியை வாங்குகிற பலரும் செய்கிற தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் தாளை வெட்டிப் பார்த்து, கூராக இருக்கிறது என்று மகிழ்வதும், ஒரு வாரத்தில் மழுங்கியதும் எஃகு மட்டம் என்று தீர்ப்புச் சொல்வதும், இரண்டுமே எஃகைப் பற்றிய செய்திகள் அல்ல. தொழிற்சாலையில் வெட்டுவாயைத் தண்ணீர் இல்லாமல் வேகமாக ஓடும் பட்டையில் தீட்டுகிறார்கள். அந்த இடம் அவ்வளவு மெல்லியது. ஆள் ஒரு கணம் கூடுதலாக அழுத்தினால் சூடேறிவிடும். கடினமாக்கிய பின் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பதம் இறக்கிய எஃகு, அதற்கு மேல் சூடானால் வெட்டுவாயில் மட்டும் மென்மையாகிவிடும். மெருகேற்றும்போது நிறமாற்றம் அழிந்துபோவதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகையால் கல்லில் இரண்டு மூன்று முறை தண்ணீரோடு தீட்டி, அந்த மென்மையான ஓரத்தைக் கழித்த பிறகே எஃகைப் பற்றிப் பேச வேண்டும்.

தீட்டும்போது ஓரத்தில் எழும் மெல்லிய உலோகப் பிசிறையும் கவனியுங்கள். நல்ல பதமுள்ள எஃகில் பிசிறு சிறியதாக எழுந்து, அழுத்தத்தைக் குறைத்துப் பக்கம் மாற்றித் தீட்டியதும் உதிர்ந்துவிடும். பதம் கெட்ட எஃகில் அது ஈயத்தாளைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டே இருக்கும், உதிராது. எத்தனையோ அட்டவணைகளைவிட இந்தப் பிசிறு எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா ஆய்வகத்தில், மணல்துகள் கலந்த அட்டை அடுக்கை இயந்திரம் திரும்பத் திரும்ப வெட்டி, மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் வெட்டியது என்று கணக்கிடுவார்கள். ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரவிதியும் அந்த முறையைத்தான் வகுத்திருக்கிறது. நாம் செய்யக்கூடியது எளிது: இரண்டு கத்திகளையும் ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்டி, ஒரே அட்டையை மாற்றி மாற்றி வெட்டி, எது முதலில் தாளைக் கிழிக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

தயங்கி வாங்குபவன் எழுதியது:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

நாட்டின் பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1887இல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் இயற்றி, இறக்குமதிப் பொருள்களில் தயாரான நாட்டின் பெயரைக் குறிக்கச் செய்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மலிவுக் கத்திகள் தங்கள் முத்திரையைப் போலச் செய்து வருகின்றன என்று ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் முறையிட்டதும் அதற்கு ஒரு காரணம். எச்சரிக்கைக்காக இடப்பட்ட அந்த ஜெர்மானிய முத்திரையை இன்று பெருமையாக விலை கூட்டி விற்கிறார்கள். சீனாவின் குவாங்டாங் மாகாணத்து யாங்ஜியாங் நகரமும் இன்று ஒரே முத்திரைக்குள் எல்லாத் தரத்தையும் வைத்திருக்கிறது. உயர்ந்த விலைக் கத்திகளைச் செய்யும் வீ நிறுவனம் அதே ஊரில் சிவிவி என்ற பெயரில் மலிவான வரிசையையும் வெளியிடுகிறது. ஆகவே நாட்டைக் கேட்காதீர்கள். தயாரிப்பாளர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளத் துணிகிறாரா என்று கேளுங்கள். வேறொருவரின் வடிவத்தைத் தழுவித் தன் பெயரில் விற்பவர் ஒரு வகை. வேறொருவரின் பெயரையே பொறித்து விற்பவர் வேறு வகை. பெயரிலேயே பொய் சொல்பவர், எஃகில் மட்டும் உண்மை சொல்வார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டாவது, பூட்டின் வலுவை அறியத் திறந்த அலகின் முதுகை மரக்கட்டையில் ஓங்கி அடித்துப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. மை பூசிப் பார்ப்பதெல்லாம் சரிதான். அடியில் மூடாத பூட்டே பூட்டு.

பூட்டுவாய் எழுதியது:

முதல் செய்தியை ஏற்கிறேன். இரண்டாவதை ஏற்க இயலவில்லை. முதுகில் ஓங்கி அடித்தால் நல்ல பூட்டின் முகமும் நசுங்கும். அடிக்கும் முன் சரியாக இருந்த கத்தி, சோதனையில் தேறிய பிறகு ஆட்டத்தோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். தவிரவும், அடியின் அதிர்வில் தகடு துள்ளி விலகுவது ஒன்று, அன்றாட வேலையில் முதுகின் மேல் அழுத்தம் ஏறுவது இன்னொன்று. முனை எங்கோ சிக்கி, கத்தியைப் பின்னுக்கு இழுக்கும்போதுதான் அந்த அழுத்தம் வருகிறது. அது மெதுவாக ஏறும் விசை. எனவே தடித்த கையுறை அணிந்து, அலகு மூடும் வழியில் விரல்கள் இல்லாதபடி கைப்பிடியைப் பக்கங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு, முதுகை மேசை விளிம்பில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். பூட்டுத் தகடு வெளிப்பக்கமாக ஊர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடியில் தேறாததைவிட இந்த அழுத்தத்தில் ஊரும் பூட்டுதான் ஆபத்தானது.

அட்டைப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை இரண்டு கத்திகளிலும் செய்து பார்த்தேன். தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் அவனுடையதைத் தொட்டேன். அதில் ஒரு திருகையும் திருப்பவில்லை.

என்னுடையதில் பூட்டுத் தகடு மூன்றில் ஒரு பங்கு உள்ளே வருகிறது. மை கீழ்ப்பகுதியில் அழிகிறது. மேசை விளிம்பில் அழுத்தியபோது அசையவில்லை. தம்பியுடையதில் தகடு எதிர்ப் பக்கத்தைத் தொட்டு நிற்கிறது, மை அச்சாணியை ஒட்டிய ஒரு புள்ளியில் மட்டும் அழிகிறது, அழுத்தினால் கிளிக் என்ற ஒலியோடு அலகு மயிரிழை ஆடுகிறது. தகடு வெளியே ஊரவில்லை என்றாலும் அந்த ஒலி எனக்குப் பிடிக்கவில்லை.

வியப்பு அடுத்ததில்தான். இரண்டையும் ஒரே கல்லில், பக்கத்துக்கு 20 பாகை என்று மனத்தில் வைத்துத் தீட்டினேன். தம்பியின் கத்தியில் பிசிறு உடனே உதிர்ந்தது. கூரும் அருமையாக ஏறியது. பார்வைக்கு அழகான என் கத்தியில் சாணைக்கல் அவர்கள் சொன்னபடியே பிசிறு புரண்டுகொண்டே இருந்தது. அட்டையில் நாற்பது வெட்டுக்குள் தாளைக் கிழிக்கத் தொடங்கிவிட்டது. தெரிந்தவரிடம் அரத் தொகுப்பை இரவல் வாங்கி இரண்டின் முதுகிலும் இழுத்தேன். இரண்டிலும் 55 வழுக்குகிறது, 60 கீறுகிறது. அப்படியானால் பதம் ஒன்றுதானே? பூட்டு நன்றாக உள்ளதில் கூர் நிற்கவில்லை, கூர் நிற்பதில் பூட்டு சரியில்லை. எதை வைத்துக்கொள்வது?

பட்டறைத்தூசி எழுதியது:

முதுகில் இரண்டும் ஒரே அளவைக் காட்டுவதால் உலையில் தவறு நடக்கவில்லை. வேறுபாடு வெட்டுவாயில் மட்டும் இருக்கிறது. உங்கள் அலகைத் தீட்டிய ஆள் பட்டையில் சற்று அதிகமாக அழுத்திவிட்டார் என்பதே பொருத்தமான விளக்கம். ஓரத்தில் கெட்ட பகுதி மிகச் சிறியது. இன்னும் இரண்டு முறை, அவசரப்படாமல், பிசிறின் குணம் மாறும் வரை தீட்டுங்கள். அரை மில்லிமீட்டர் ஆழம் தேய்த்த பிறகும் அப்படியே புரண்டால் என் கணிப்பு தவறு என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பியின் கத்தியை, கூர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள். தீட்டியதை விற்பவரிடம் மறைக்காமல் சொல்லி, பூட்டின் படத்தைத் திறந்த நிலையில் பின்பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பினால் வாதத்துக்கு இடமிருக்காது.

சாணைக்கல் எழுதியது:

உடன்படுகிறேன். ஒரு திருத்தம்: அடுத்த முறை தீட்டும்போது வெட்டுவாயின் சரிவில் மார்க்கர் மை பூசிக்கொள்ளுங்கள். மனத்தில் வைத்த 20 பாகை கையில் 17ஆகவோ 24ஆகவோ இருப்பது எல்லாருக்கும் நடப்பது. கோணம் குறைந்துபோனால் கல் சரிவின் மேற்பகுதியை மட்டும் தேய்த்துவிட்டுக் கெட்ட ஓரத்தைத் தொடாமலே போய்விடும். ஓரம் வரை மை அழிகிறதா என்று பார்த்துக்கொண்டே தீட்டுங்கள்.

அட்டைப்பெட்டி எழுதியது:

மை பூசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது பக்கம் கல் ஓரத்தையே தொடவில்லை. கோணத்தைச் சற்று உயர்த்தி மேலும் இரண்டு முறை தீட்டினேன். இரண்டாவது முறை பிசிறு தானாக உதிர்ந்தது. நேற்று அதே அட்டையில் நூற்றைம்பது வெட்டைத் தாண்டியும் தாளை ஒழுங்காக அறுக்கிறது. தம்பியின் கத்தியைத் தீட்டியதாகச் சொல்லிப் படத்தோடு திருப்பி அனுப்பினேன். மாற்றுக் கத்தி வந்துவிட்டது. அதில் அலகு இம்முறையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறது. பூட்டுத் தகடு பாதி வரைதான் உள்ளே வருகிறது, மையும் கீழ்ப்பகுதியில் அழிகிறது என்பதால் தம்பி அதை வைத்துக்கொண்டான்.